சூளையில் வெந்த கேசட்டு

இரண்டு பேர் ஆட வேண்டிய வீடியோ கேமைத் தனியாக ஆடித் தோற்க முடியுமா? முடியும். இடது கையில் ஒரு ரிமோட், வலது கையில் ஒன்று. ஞாயிறுதோறும் தோற்கிறேன். (ஜெயிப்பதும் நான்தான். ஆனால் கைகொடுக்க ஆள் இல்லை.)

பழைய டிவி கேம் கேசட்டு சேர்ப்பது என் வியாதி. முக்கால்வாசி இருவர் ஆட்டம். பள்ளிக்கூட நாளிலிருந்து என் இரண்டாவது ஆள் சேகர். மஸ்கட் போனவன் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான். போன வருடம் திடீரென்று போன் செய்தான்.

"டேய், லீவுல வரேன். ஞாயித்துக்கிழமை பூரா உன் வூட்லதான். ரெண்டு சிப்பாய் சுட்டுக்குவானுங்களே, அந்தக் கேசட்டு இருக்குதா?"

"இருக்குதுடா" என்றேன். இல்லை.

இணையத்தில் என் பாதிச் சம்பளம் கேட்டார்கள். கடைசியில் சேத்தியாத்தோப்புப் பழைய இரும்புக் கடையில், உடைந்த வாளிகளுக்கு அடியில் கிடைத்தது. இழவு வீட்டுக்கு வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு விலை கேட்டேன். கடைக்காரர் தராசில் போட்டார்.

"பிளாஸ்டிக்குக்கு எடைதாங்க. டீ காசு குடுத்துட்டுப் போங்க."

வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன். அதைக் கேட்டோ என்னவோ, மழை கொட்டியது. வீட்டில் கேசட்டை உதறினால் தண்ணீர் சொட்டியது.

நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் ஈரத்துக்கு ஒரே வைத்தியம், சூளை. அதன் மேல் சட்டை காயும், சோற்று டப்பா சூடாகும். மறுநாள் கேசட்டையும் வைத்தேன்.

"பிளாஸ்டிக்காச்சே தம்பி?" என்றார் சூளை பார்க்கும் செல்வி அக்கா.

"லேசா சூடு காட்டத்தாங்க்கா. டீ குடிச்சிட்டு வந்து எடுத்துடறேன்."

டீக்கடையில் அரிய கேசட்டை எடைக்கு வாங்கிய பெருமையை விலாவாரியாகப் பேசிவிட்டுத் திரும்பினால், அக்கா கரண்டியோடு நிற்கிறார்.

"தோசை மாரி ஆயிடுச்சு தம்பி. திருப்பிப் போடட்டா?"

ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தான். அந்தத் தோசையைக் கையில் வாங்கி, பழைய பழக்கத்தில் 'ஃபூ' என்று ஊதி, மெஷினில் சொருகப் பார்த்தான். நுழையவில்லை.

"வேற கேசட்டு போடட்டாடா?"

"வேணாம். ரிமோட்ட எடு."

இருண்ட டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வாயாலேயே சுட்டோம்.

"நீ செத்துட்டடா!"

"போடா, நீதான் செத்த!"

சாயங்காலப் பஸ்ஸு வரும்வரை இருவருமே சாகவில்லை.

இப்போது மஸ்கட்டில் இருக்கும் அவன் பிள்ளைகளுக்கு நான் 'சூளை மாமா'. நேரில் பார்த்ததே இல்லை. ஞாயிறானால் போனில், "சூளை மாமா, இன்னிக்கி என்ன வெந்துச்சு?" என்று கேட்பார்கள். என் செருப்பு வெந்தது, முதலாளி கண்ணாடி வெந்தது என்று அளந்துவிடுகிறேன். எனக்குச் சரக்கு தீரும்வரை அவர்கள் போனை வைப்பதில்லை.