பரிசேயருக்கு ஒரு பிரசங்கம்

“அந்த ஒரு வசனத்த மட்டும் இந்த ஞாயிறு விட்டிட்டா என்ன ஐயா?” என்றார் எட்வின் மாஸ்டர்.

போதகர் கிருபைரெத்தினத்துக்கு உள்ளூரச் சந்தோசம். வெளிவேடக்கார மதத்தலைவர்களான பரிசேயரை இயேசு வெளுத்து வாங்கிய பகுதியைப் பிரசங்கிக்கப்போவதாக முதல்நாள் ஜெபக்கூட்டத்தில்தான் அறிவித்திருந்தார். அதற்குள் ஒருவருக்குச் சுட்டுவிட்டது. மாஸ்டர் சொன்னது, சந்தைவெளியில் நாலுபேர் வணங்கவேண்டும் என்று அலைகிறவர்களைப் பற்றிய வசனம். மாஸ்டரோ ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கல்முனைச் சந்தைக்குள் அவர் நுழைந்தால் தராசைக்கூட வைத்துவிட்டு வணக்கம் சொல்வார்கள்.

“வேதத்தில வெட்டிக்கொத்த எனக்கு அதிகாரமில்ல மாஸ்டர்.”

“வெட்டச் சொல்லல்ல ஐயா. சனம் வேற மாதிரி எடுக்கும்.”

“எடுக்கட்டும்.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பாண்டிருப்பில் சபை கூடும் மண்டபம் அவருடைய பழைய நெற்களஞ்சியம். அவர் கோபித்துக்கொண்டால் ஆராதனை கடற்கரை மணலில்தான். அது தெரிந்தேதான் போதகர் துணிந்தார். சத்தியத்துக்காக மணலில் நிற்கவும் அவர் தயார். அன்று சந்தையில், “அண்ணே, சூரை நல்லம்” என்று கூப்பிட்ட மீன்காரனைக் கடந்து, “பாஸ்டர் ஐயா” என்று எழுந்து நின்ற அடுத்தவனிடம் மீன் வாங்கி வந்து, அந்த ஒரே வசனத்தை மூன்று பகுதியாக விரித்து எழுதினார்.

அடுத்து வந்தவர் மனோரஞ்சி அக்கா. பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. அவர் ஜெபிக்கத் தொடங்கினால் மடியிலுள்ள பிள்ளைகள் ஒரு தூக்கம் போட்டு எழும்பும். பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றிய இடத்தைக் கொஞ்சம் மெதுவாகத் தொட்டுவிட்டுப் போகலாமே என்று இழுத்தார். போதகர் அவருக்காக ஒரு ஜெபம் செய்து அனுப்பிவைத்தார். ஆமென் சொன்னபோது அக்காவுக்கு ஊற்றிவைத்த பால்தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.

மெதுவாகச் சொன்னால் உறைக்காது என்று அவருக்குப் பட்டது. அப்படிப்பட்டவர் எப்படிக் கையை விரிப்பார், எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும் என்று நடித்தே காட்டத் தீர்மானித்து, கண்ணாடிக்கு முன் நின்று பழகினார். ஆச்சரியம், முதல் தடவையிலேயே அச்சொட்டாக வந்தது.

கடைசியில் மனைவி சுகிர்தாவும் தொடங்கினாள்.

“சபையில முதலாசனம் தேடுறவங்களப் பத்தி வாறதையாவது விடுங்களன் அப்பா.”

சபையார் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டார்கள் என்று போதகர் விளங்கிக்கொண்டார். இனி ஒரு எழுத்தும் குறையாது. ஆனால் ஒரு கவலை. உறைக்கவேண்டியவர்கள் ஞாயிறு வராமல் வீட்டிலிருந்துவிட்டால்? மருதமுனை அப்ராஸைக் கூப்பிட்டார். பள்ளிவாசல் பயான், கோயில் திருவிழா, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் மைக் செட் கட்டுகிறவன் அவன்தான்.

“ரெண்டு ஹோர்ன் வெளியில கட்டு தம்பி. ஒண்ட மாஸ்டர்ர வீட்டுப் பக்கம் திருப்பு. மத்தது அக்காட வீட்டுப் பக்கம்.”

“ரோட்டுக்கும் கேக்கும் ஐயா. அங்கால சந்தைக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

ஞாயிறன்று ஒருவரும் வீட்டில் நிற்கவில்லை. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். சபையைப் பார்த்தபடி மேடையில் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் கதிரையிலிருந்து போதகர் எழுந்தார். ஒன்றையும் விடவில்லை. சந்தை வணக்கம், முதலாசனம், நீண்ட ஜெபம் எல்லாம் ஹோர்ன் வழியாக ஊரெங்கும் போயின. ஜெபத்தை நடித்துக் காட்டியபோது பின்வரிசை வாங்கில் யாரோ விம்மியது கேட்டது. மாஸ்டர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனோரஞ்சி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“இது யாரைப் பற்றியது என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை. இந்தச் சபைக்கே தெரியும்” என்று முடித்தார்.

எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின.

ஆராதனை முடிந்ததும் போதகர் மண்டபத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். கேட்டால் கொடுத்துவிடுவது என்ற முடிவு. மாஸ்டர் வந்தார். சாவியைப் போதகரின் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து மூடி, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“மண்டபம் எப்பவும் உங்களுக்குத்தான் ஐயா” என்றார். பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்று போதகரின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சிலர் முதுகையும் தடவினார்கள்.

போதகருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வயர் சுற்றிக்கொண்டிருந்த அப்ராஸிடம் போனார்.

“ஒருத்தருக்காவது கோபம் வந்த மாதிரித் தெரியல்லையே தம்பி. நான் சரியாச் சொல்லல்லையோ?”

“கோபம் எப்பிடி ஐயா வரும்,” என்றான் அப்ராஸ், “ஒங்கட குறையெல்லாத்தயும் நீங்களே ஹோர்ன் கட்டி ஊரறிய ஒத்துக்கொள்ளக்குள்ள? மாஸ்டர்தான் பாவம், ஒங்கட மானத்தக் காப்பாத்த வயர அறுத்துடச் சொல்லி நேத்து முழுக்க என்னட்ட மன்றாடினாரு.”