ஐந்து ஸ்பீக்கருக்கும் சமநீதி

இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சாப் பகுதித் தமிழ் மண்டபத்தின் ஆண்டுவிழாவுக்கு இம்முறை ஹோம் தியேட்டர் ஒலிதான் வேண்டும் என்று நிர்வாக சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. காரணம் கனமானது. தலைவர் கோபாலசிங்கத்தார், தான் வேலை செய்யும் பகேரியா ஊர் எசமானி, அந்தச் சின்யோராவின் வில்லாவில் தினமும் தூசி தட்டுகிற சாமான் அது.

ஸ்பீக்கர்களுக்கெல்லாம் ஒலி கொடுக்கிற பெட்டியான றிசீவர், மண்டப உறுப்பினன் கிறிகோரியுடையது. ஒருநாளைக்கு மட்டும் என்று மனுசி புனிதமலரிடம் சத்தியம் பண்ணி, துவாயால் சுற்றி, கைக்குழந்தையைப்போல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தான். அதைச் சுகமாக வீடு சேர்ப்பதே அவனுக்கிருந்த ஒரே கவலை.

ஐந்து ஊர்ச் சங்கங்கள் ஆளுக்கொரு ஸ்பீக்கர் உபயம் செய்திருந்தன. ஸ்பீக்கர்களைவிட அவற்றின் பெயர்ப்பலகைகள் பெரியவை. கிறிகோரி ஒவ்வொன்றின் வயரையும் றிசீவரின் பின்பக்கத்தில் அதற்குரிய இணைப்பு வாயில் முறைப்படி கொழுவினான். ஒத்திகையில் வந்தது வில்லங்கம். தியேட்டர் முறையில் பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரால்தான் வரும். பின்னால் நிற்பவை மழையும் குருவியுமாகச் சத்தம் போடும், அவ்வளவுதான்.

பின் ஸ்பீக்கரின் உபயகாரர் யாக்கோபு எழும்பினார். நடுவிலை நிக்கிற ஊருக்குத் தலைமையுரை, எங்கடை ஊருக்குக் குருவியோ என்று கேட்டார். நடு இடம் கிடைக்காத மற்றவர்களும் கொதித்தார்கள். உபகுழு கூடியது. தேத்தண்ணி முடிய, ஐந்தையும் நடு வாயிலேயே கொழுவவேண்டும் என்று முடிவு வந்தது.

கிறிகோரி பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான்.

"ஆறு ஓமுக்குக் குறைஞ்ச தடை கொழுவக் கூடாதெண்டு இதிலை கிடக்கு, அண்ணை. ஒவ்வொரு ஸ்பீக்கரும் எட்டு. ஐஞ்சையும் ஒரு வாயிலை சேர்த்தா ஒண்டரைச் சொச்சம்தான் மிஞ்சும்."

"ஐஞ்செட்டு நாப்பதெல்லோ," என்றார் தலைவர். "சேரச் சேர எப்பிடியடாப்பா குறையும்?"

"ஒரு கிரானித்தா ஐஸ்பானக் கிளாசுக்கை ஐஞ்சு பேர் குழாய் போட்டு உறிஞ்சினா என்ன நடக்கும்?"

"ஒற்றுமை வளரும்."

தடை குறைவது மண்டபச் சட்டயாப்புக்கு முரணாகையால், அது இன்று முதல் ஆறாகவே கருதப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. றிசீவருக்கு வாக்குரிமை இல்லை.

விழா தொடங்கியது. தலைவர் மெதுவாகக் கதைத்தவரைக்கும் பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. குரலை உயர்த்தி "எமது வரலாறு" என்றதும் டக்கென்று அணைந்தது. புகையுமில்லை, நெருப்புமில்லை, சுமை தாங்காத புத்தியுள்ள பெட்டி, தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது. கிறிகோரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தலைவர் கவனிக்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் முழங்கினார். சனம் ஒரு சொல்லும் கேளாமல் நிம்மதியாக றோல்ஸ் தின்று, ஊர்ப் புதினம் கதைத்து முடித்து, இப்படியொரு உரையைத் தாங்கள் கண்டதில்லை என்று எழும்பிநின்று கைதட்டியது. எந்த ஊர் ஸ்பீக்கர் முதலில் மௌனமானது என்பதில் ஐந்து சங்கங்களுக்குள்ளும் கைகலப்பு வரப் பார்த்தது.

இதே தரத்தில் வருடாவருடம் உரை வேண்டும், ஆகவே றிசீவர் மண்டபத்திலேயே நிற்கட்டும் என்றது சபை. மறுப்புச் சொல்லக் கிறிகோரி வாய் திறந்தான். அதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தது. அவன் ஒலித்துறைப் பணிப்பாளர் என்று அறிவித்தார்கள். ஆதரிப்போர் கை உயர்த்தலாம் என்றார்கள். முதலில் உயர்ந்த கை கிறிகோரியுடையது.

வீட்டுக் கதவைத் திறந்த புனிதமலர் வெறுங்கையைப் பார்த்தாள்.

"றிசீவர் எங்கை?"

கிறிகோரி பொன்னாடையைச் சரிசெய்தான்.

"பணிப்பாளரோடை இப்பிடி வாசல்லை நிண்டு கதைக்கேலாது," என்றான். "எழுத்திலை தாரும்."