அரை வரிக்கு அரை ஓட்டு

ஜூன் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு பத்துக்குக் கடையைத் திறந்தேன். ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியைத் துடைத்தேன். டோனரைக் குலுக்கிப் போட்டேன். வாசலில் தண்ணீர் தெளித்தேன். எட்டே முக்காலுக்கு முதல் வேலை வந்தது. குப்பத்தில் ஊர்த் தலைவர் தேர்தலாம், வாக்காளர் பட்டியல் நாற்பது காப்பி வேண்டும். முதல் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பழவேற்காடு ஏரியில் தண்ணீர் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கரையில் அரசியல் தெரிந்த ஒரே ஆள் அரைவரி அக்காதான். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

குப்பத்து வழக்கம் இது: கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவனுக்கு முழு ஊர்வரி, ஒரு ஓட்டு. புருஷனை இழந்த பெண்ணுக்கு அரை வரி, ஓட்டு கிடையாது. மற்ற பெண்கள் அரை வரியைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்த அக்கா மட்டும் அதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்.

பொன்னேரி பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பிப்பார்.

"ஒரு அரை டிக்கெட் குடு நைனா."

"கொழந்த எங்கம்மா?"

"கொழந்தையா? எனக்குத்தான். ஊர்ல என்ன அரை ஆளுன்னு எழுதி வெச்சிகிறாங்க. நீ மட்டும் இன்னா முழு ஆளுன்ற?"

திருப்பாலைவனம் வரும்வரை இந்த வழக்கு ஓடும். கடைசியில் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு, சீட்டின் பாதியில் மட்டும் உட்கார்ந்து, மீதியைக் கையால் காட்டி, "இது கவர்மெண்ட்டுக்கு நான் வுட்டுக் குடுத்தது" என்பார்.

என் கடையிலும் அதே கதைதான். பக்கத்தில் ஒரு டீ சொல்லி, இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளுவார். "குடி பாய். எனக்குப் பாதி போதும்." பதினோரு வருட டைரியில் அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'அ.அ. வந்தார். பாதி டீ.'

போன தேர்தலில் மூன்று பேர் நின்றார்கள். மூவரின் நோட்டீஸும் என் மிஷினில்தான் பிறந்தன. மூன்றிலும் முதல் வரி, 'முற்போக்கு வேட்பாளர்'. அக்கா மூன்றையும் என்னை வாசிக்கச் சொன்னார். ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் மூடி ஒன்றைக் கொண்டுவந்து, என் ஸ்கேலால் கட்டம் போட்டார். மேலே மூன்று ஆள். பக்கத்தில் வரி, ஓட்டு, கூலி.

மூவரில் படகு முதலாளியான போட்டுக்காரர், விதவைகளுக்கு ஊர்வரியே கிடையாது என்று எழுதியிருந்தார். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். அக்கா கொதித்தார்.

"வரிய தள்ளுறேன்னு சொல்லி என்ன ஊர வுட்டே தள்றான் பாய். அரை வரி கட்டும்போதே ஓட்டு இல்ல. ஒண்ணுமே கட்டலன்னா பேரே இருக்காதே!"

ஷெட்டுக்காரரின் மச்சான், இறால் உரிக்கும் கூலியை உயர்த்துவேன் என்றிருந்தார். "ஷெட்டு இவன் அக்கா புருசனுதுதான? இன்னிக்கே ஏத்தச் சொல்லு. அதுக்கு எதுக்கு தலைவராவணும்?"

ரிட்டயரான வாத்தியார், பெண்களுக்கு முழு வரி, முழு ஓட்டு என்றார். ஆனால் அடுத்த தேர்தலிலிருந்து. அக்கா அந்தக் கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தார்.

"அடுத்த தபா நான் இருப்பனா?"

"எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போடுறீங்களே அக்கா" என்றேன்.

"அது மெட்ராசுக்குப் போற ஓட்டு. என் வூட்டாண்ட தண்ணி நிக்கறத கேக்கறதுக்கு ஊர் ஓட்டுதான் வோணும். சாவறதுக்குள்ள ஒரு தபா போட்டுறணும் பாய்."

அந்த ஞாயிறு அம்மன் கோயில் முன் ஊர்க்கூட்டம். நோட்டீஸ் கொடுக்கப் போன நானும் ஓரமாக நின்றேன். அக்கா எழுந்தார்.

"அரை வரி கட்றேன். அரை ஓட்டு குடுங்க."

பெரியவர் ஒருவர் சிரித்தார். "அரை ஓட்ட எப்டிம்மா எண்றது?"

"அரை வரிய எப்டி எண்ணி வாங்குனீங்களோ, அப்டி!"

கூட்டத்தின் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. வாத்தியார் சமாளிப்பதாக நினைத்து, "அப்ப ரெண்டு அரை சேந்தா ஒண்ணு. ரெண்டு பேரா வந்தா ஒரு சீட்டு தரலாம்" என்றார். விளையாட்டாகச் சொன்னார். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஊரு கேட்டுக்கிச்சு!" என்று உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு பாதி யார்? ஓட்டு வேண்டும் என்று சொல்லக்கூடிய விதவை குப்பத்தில் ஒருவர்தான் இருந்தார்: அக்காவின் ஓரகத்தி கன்னியம்மா. ஒரு நண்டுக் கூடை விஷயமாக இருவரும் ஏழு வருடமாகப் பேசவில்லை. பொதுவான இடம் என்று என் கடைப் பெஞ்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"பாய், அவள ஓட்டு போட வராளான்னு கேளு" என்று அக்கா தொடங்கினார்.

"யாருக்குன்னு கேளு பாய்."

"வாத்தியாருக்குன்னு சொல்லு."

"வெரல் வெந்து போயி எறா உரிக்கிறவ நானு. கூலி ஏத்தறவனுக்குத்தான் போடுவேன்னு சொல்லு. நண்டு திருடனவளுக்கு வாத்தியார் எதுக்காம்?"

அத்துடன் என் வேலை முடிந்தது. நேராகவே பேசத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நாள், மூடியை நடுவில் வைத்துக்கொண்டு. வரியில் தொடங்கி, ஓட்டு வழியாகக் கூலிக்கு வந்து, நண்டில் முடிப்பார்கள். அக்கா டீயை இரண்டாக ஊற்றி ஒன்றைக் கன்னியம்மாவிடம் தள்ளியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்றாம் நாளும் ஒத்துவரவில்லை. ஊர் முத்திரை குத்திய வெள்ளைச் சீட்டில் சின்னத்தை வரைந்து பெட்டியில் போட வேண்டும். தேர்தல் அன்று இருவருக்குமாகக் கிடைத்த ஒரு சீட்டைச் சரிபாதியாகக் கிழித்தார்கள். கிழித்தது நானில்லை. ஸ்கேல் மட்டும் என்னுடையது. ஒரு பாதியில் வாத்தியாரின் விளக்கு, மறுபாதியில் மச்சானின் துடுப்பு.

எண்ணிக்கையில் போட்டுக்காரரும் வாத்தியாரும் சமமாக வந்தார்கள். பெட்டியின் அடியில் கிடந்தன அந்த இரண்டு துண்டுகள். பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஊரே கேட்டுக்கொண்ட வார்த்தை, மாற்ற முடியாது. வாத்தியார் அரை ஓட்டில் ஜெயித்தார்.

அதன்பின் அவரை யாரும் தலைவர் என்று கூப்பிடவில்லை. 'அரைத் தலைவர்' என்றார்கள். அந்தப் பேரைத் துடைப்பதற்காகவோ என்னவோ, மனிதர் சொன்னதைச் செய்தார். பெண்களுக்கு முழு வரி, முழு ஓட்டு என்று தீர்மானம் போட்டார். அக்கா முழு வரி கட்டிய ரசீதை என்னிடம் கொண்டுவந்து ஒரு காப்பி எடுத்துக்கொண்டார். அன்றும் பாதி டீதான். "பழகிப்போச்சு பாய்."

போன ஐப்பசி மழையில் அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

கண்ணாடிமேல் நான் வைத்த பட்டியலில் பெண்கள் அவரவர் பெயரில் இருந்தார்கள். இன்னாரின் மனைவி என்று இல்லை. அக்காவின் பெயர் இருக்காது என்று தெரிந்தும் விரல் வைத்துத் தேடினேன். அப்போதுதான் உறைத்தது: எந்தப் பெயரைத் தேடுவது? எல்லாவற்றையும் குறித்து வைக்கிற நான், அதை ஒருநாளும் கேட்டதில்லை.

சாயங்காலம் கன்னியம்மா வந்தார். மூன்று புது நோட்டீஸ் கையில். மிஷின்மேல் தூசிக்காக நான் போட்டு வைத்திருந்த அந்தத் தெர்மோகோல் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முழு ஓட்டு வந்துடுச்சி பாய். சண்ட போட ஆளில்லாம எப்டி போடறது?"

"காலையில வாங்க அக்கா" என்றேன்.

மறுநாள் எட்டு பத்துக்குக் கடையைத் திறந்தேன். முதல் வேலையாக ஒரு டீ வாங்கி, இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றைக் கன்னியம்மா பக்கம் தள்ளிவிட்டு, மூடியை நடுவில் வைத்து, அதற்கு எதிர்ப்புறம், அரைவரி அக்கா உட்காரும் இடத்தில், பாதி பெஞ்சில் உட்கார்ந்தேன்.