கை நனைத்த அன்று வேகாத வான்கோழி

சொந்தமாக வளர்த்துச் சாப்பிடும் கறிக்கு ருசி அதிகம் என்பார்கள். வளர்த்தவனுக்கு வாயும் அதிகம் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கிருந்த வாய்க்கு என் தங்கை கவிதாவின் கல்யாணமே நின்றுபோயிருக்க வேண்டியது.

அவனியாபுரம் தாண்டி வீடு கட்டிக் குடிபோனதும், பின்பக்கம் கிடந்த காலி இடத்தைப் பார்த்து எனக்குள் ஒரு பண்ணைக்காரன் முழித்துக்கொண்டான். செல்போனில் பார்த்த வீடியோக்களை நம்பி வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி விட்டேன். நாய் தூக்கியது போக, சீக்கில் செத்தது போக, ஒரே ஒரு சேவல் மிஞ்சியது. அதை அறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ("இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும்" என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.) வருஷக்கணக்கில் எடை ஏறியது. சிலிண்டர் போட வருபவர் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு ஓடினார். அம்மா துணி காயப்போடக்கூட விளக்குமாறு இல்லாமல் போகமாட்டாள்.

அந்த நேரத்தில்தான் கவிதாவுக்கு உசிலம்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கம், பேச்சு முடியும்வரை சம்பந்தி வீட்டில் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. இதற்குக் கை நனைப்பது என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாகச் சொன்னார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மாமா, கடைக்கறியெல்லாம் நாங்க தொடுறதே இல்ல. எங்க வீட்டுல வளந்த வான்கோழிதான் அன்னைக்கு விருந்து" என்றேன் மாப்பிள்ளையின் அப்பாவிடம். (வாராவாரம் சிம்மக்கல்லில் ஆட்டுக்கறி வாங்க வரிசையில் நின்றவன் நான்தான்.)

ஞாயிறு காலை சாக்கை விரித்துக்கொண்டு வீரமாகப் போனேன். சேவல் தொண்டைத் தாடி சிவக்க, இறக்கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, துவைக்கிற கல்லின் மேல் நின்றுகொண்டு என் மனைவி செல்வியைக் கூப்பிட்டதுதான். அவள் ஈரப் போர்வையை எறிந்து அதை மூடி, மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"கண்ண மூடிக்கிட்டு என் கைய அறுத்துராதீங்க. இங்க குடுங்க" என்று கத்தியையும் வாங்கிக்கொண்டாள்.

மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, துண்டு போட்டு, அண்டாவில் ஏற்றியாயிற்று. வேனில் வந்த சம்பந்திகள் குழம்பு வாசத்தை மூச்சிழுத்தபடியே உள்ளே நுழைந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு மணிக்கு மூடியைத் திறந்து குத்திப் பார்த்தால் கரண்டிக் காம்பு வளைந்தது. இரண்டு மணிக்கும் அதே கதைதான். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக அடுப்படிக்கு வந்தார்கள். ஒருவர் பப்பாளிக்காயை நறுக்கிப் போடச் சொன்னார். இன்னொருவர் கொட்டாங்குச்சியை உடைத்துப் போட்டால் எந்தக் கறியும் வெந்துவிடும் என்றார். போட்டோம். கொட்டாங்குச்சி முதலில் வெந்துவிடும்போல் இருந்தது.

கூடத்தில் மிக்சர் தீர்ந்தது. பிறகு, அவர்களே தட்டில் வைத்துக்கொண்டு வந்த வாழைப்பழமும் தீர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்ள, நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கை நனைக்கலைன்னா இன்னொரு நாளுதான் வரணும்."

"பெரிய உசுரு மாமா, கொஞ்சம் நேரமெடுக்கும்" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னாலிருந்து, "வளத்த வயசுக்கு அது ஒனக்கே அண்ணன்டா" என்று அம்மாவின் குரல் கேட்டது. கதவோரம் பட்டுச்சேலையில் நின்ற கவிதாவைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. விளையாட்டுத்தனமாக என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாலு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பாவே எழுந்தார்.

"இலையப் போடுங்கத்தா. சோத்துல குழம்ப ஊத்துங்க. கை நனையணும்னுதான சாங்கியம், பல்லு நனையணும்னு இல்லையே."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். குழம்பு உண்மையிலேயே அருமையாக இருந்தது. (செல்வி வைத்தது, எனக்கு அதில் பங்கில்லை.) அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்ட மாப்பிள்ளை, "நீங்க ஆசையா வளத்தது மச்சான், ஒரு துண்டு வைங்க" என்றார். வைத்தேன். முன்பல்லால் கவ்வி இழுத்தார். கறி வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம்.

கபடியில் உடைந்து, கட்டி வைத்திருந்த பல் இலையில் கிடந்தது.

பந்தியே எட்டிப் பார்த்தது. அபசகுனம் என்று யாரோ வாயெடுக்கப் போனார்கள். அதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கவிதாதான். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் ஓட்டைப் பல்லோடு சிரிக்க ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கு மச்சான்" என்றார். 'ச்' எல்லாம் காற்றாகப் போனது.

"அதான் ரெண்டும் சேந்து சிரிச்சிருச்சுகளே, இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்" என்று சொல்லிவிட்டு அவருடைய அப்பா மோர் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. அவசரத்தில் கட்டிய பல் மறுபடி கழன்றுவிட்டதால், ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வலுக்கட்டாயமாகக் கட்டி வைத்த ஆளைப்போல நிற்கிறார். யாராவது காரணம் கேட்டால் விரல்கள் என் பக்கம் நீளும். நான் அதற்கப்புறம் எதையும் வளர்க்கவில்லை. வெந்தயக்கீரை வளர்க்கலாமா என்று கேட்டதற்கே செல்வி, "அது வேகுமா?" என்றாள்.

போன மாதம் கவிதாவின் மகளுக்கு முதல் பால்பல் விழுந்தது. குழந்தை போனில் ரொம்பக் குழப்பத்தோடு கேட்டாள்.

"மாமா, எனக்குப் பல்லு விழுந்திருச்சு. நான் ஒங்க வீட்டுக்கு வரவே இல்லையே?"