பயமறியான் பார்த்த படம்

"நீங்க பார்க்காம இந்தப் படத்தை நாங்க வெளியிடறதா இல்ல சார்," என்றார் தியேட்டர் மேனேஜர்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் சோதனை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்க வேண்டிய மனிதர், கடைக்காரரின் முகத்தையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

பகலெல்லாம் லென்ஸ் தேய்த்துக்கொடுக்கும் இந்தச் சாதுவான மனிதர்தான், கடை மூடிய பிறகு இணையத்தில் 'பயமறியான்' என்ற பெயரில் சினிமாக்களைக் கிழித்துத் தோரணம் கட்டுபவர். விஞ்ஞானப் படமும் பேய்ப் படமும் அவருடைய இலாகா. 'விண்வெளியில் காற்றே கிடையாது, அப்புறம் கப்பல் வெடிக்கும்போது சத்தம் மட்டும் எங்கிருந்து வருகிறது? வேற்றுக்கிரகத்துக்காரர்கள் எல்லாரும் ஏன் நம்மைப் போலவே இரண்டு காலில் நடந்து வருகிறார்கள்? காலுக்குக்கூடவா கற்பனைப் பஞ்சம்?' என்று அவர் கேட்டால் ரசிகர்கள் சொக்கிப்போவார்கள்.

பேய்ப் படம் என்றால் இன்னும் விசேஷம். 'தனியாக இருக்கும் பெண், சத்தம் கேட்டதும் சுவிட்சைப் போடாமல் மெழுகுவர்த்தியைத் தேடுகிறாள். பேய்க்குப் பயமா, கரண்ட் பில்லுக்குப் பயமா?' என்று ஒரு தடவை கேட்டார். அது ஊரெல்லாம் சுற்றி வந்தது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். விஞ்ஞானப் படங்களை அவர் பார்த்தார். பேய்ப் படங்களை அவர் மனைவி பார்த்தாள். பேய் வருகிற நேரத்தில் பயமறியான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நிற்பார். மறுநாள் காலையில் அவள் துணி மடித்தபடி கதையையும் கருத்தையும் சொல்வாள். இவர் அதற்குக் குரல் கொடுப்பார்.

"சீட்டெல்லாம் புதுசா போட்டிருக்கோம் சார்," என்றார் மேனேஜர். "ஆடும், குலுக்கும், காத்தடிக்கும், தண்ணி தெளிக்கும். பேய் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும். முதல் கருத்து உங்களோடதா இருக்கணும்."

"எனக்கும் ஆசைதாங்க," என்றார் கடைக்காரர். "ஆனா கூட்டத்தோட பார்த்தா சரிப்படாது. பக்கத்துல இருக்கிறவங்க பயந்து கத்துறாங்க. என் கவனம் சிதறிடுது."

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இது எனக்குத் தோணவே இல்லையே! தனியாவே பாருங்க சார். ஹால் முழுக்க உங்களுக்கு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை காலையில!"

"வீட்டுக்காரி இல்லாம நான் எந்தப் படமும்..."

"தாராளமா கூட்டிட்டு வாங்க!"

அதில் கொஞ்சம் உயிர் வந்தது கடைக்காரருக்கு. அவள் பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே சமாளித்துவிடலாம். ஆனால் வீட்டில் வேறு படம் ஓடியது.

"நான் வரல," என்றாள் மனைவி.

"ஏம்மா?"

"அந்த மெழுகுவர்த்திக் கருத்து யாரு சொன்னது?"

"நீதான்."

"ஒரே ஒரு தடவையாவது 'இது என் பொண்டாட்டி சொன்னது'ன்னு சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா ஊர் சிரிக்காதா? பயமறியான் பேய்ப் படமே பார்த்ததில்லன்னு தெரிஞ்சா என் மானம் என்ன ஆகிறது?"

"அப்ப போய்ப் பாருங்க. உங்க கண்ணால பார்த்து, உங்களுக்குத் தோணினதை உங்க வாயால சொல்லுங்க. முடியலையா, உண்மையை ஒத்துக்கிட்டு சேனலை என்கிட்ட குடுத்துடுங்க. நானே பேசிக்கிறேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் போர்வையின் நான்கு முனைகளையும் சரிபார்த்து மடித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் தலையில் விளைந்ததை இவர் அறுவடை செய்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

தெரிந்தாலும், மானம் என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கே தமக்குக் கடுங்காய்ச்சல் என்று சேனலில் அறிவித்தார். மேனேஜர் அதற்குள் ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்ததால், ரசிகர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். 'காய்ச்சலோடு பேயைச் சந்திக்கப் புறப்படுகிறார் தலைவர்!' என்று செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தியேட்டர் வாசலில் ஒரு கூட்டமே மாலையோடு நின்றது.

மாலையைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்த கடைக்காரருக்கு, தம்மைப் பலிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று தோன்றியது. கூட்டத்துக்குப் பின்னால் மனைவியும் வந்து நின்றிருந்தாள். படம் பார்க்க அல்ல, கருத்தைக் கேட்க.

"உக்காருங்க சார். நான் மேல போய் ஆபரேட்டரை ஆரம்பிக்கச் சொல்றேன்," என்று மேனேஜர் விளக்கை அணைத்துவிட்டு ஓடினார்.

கடைக்காரர் மளமளவென்று வேலையில் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. ஆனால் வெளியேறும் வழியைக் காட்டும் சிவப்பு விளக்கு, கண்ணாடி இல்லாத கண்ணுக்கு ரத்தம் குடித்த வாயாகத் தெரிந்தது. அலறியடித்துக் கைக்குட்டையை மடித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இயக்குநர் நிதானமாகக் கதையை வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

திடீரென்று அவர் பாதத்தின் மேல் சொரசொரவென்று ஏதோ ஊர்ந்தது. கை விரல்களா, விரித்துப்போட்ட தலைமயிரா? இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. மேனேஜர் சொன்ன புது சீட்டு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது! பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்து, கணுக்காலில் ஜில்லென்று தண்ணீர். கூடவே மருந்து நெடி. ஆஸ்பத்திரியில் நடக்கிற கதை என்று அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பிணவறையாகவும் இருக்கலாம். நெடியைக்கூட அனுப்புகிறார்களே படுபாவிகள் என்று ஒரு மனம் வியந்தது. இன்னொரு மனம் தெரிந்த சாமி பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. ஈரமான, சில்லிட்ட கை. தோளைப் பற்றி, நாற்காலியோடு சேர்த்து அவரை உலுக்கியது.

"ஐயோ அம்மா! நான் ஒரு பாவமும் அறியாதவன்! என்னை விட்டுடு!"

கை விலகியது. எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் ஓடவில்லை. வாசலில் நிற்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் குளியலறைக்கு ஓடாமல் ஒரு பேயைச் சந்தித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கடைசியில் துணிந்து கைக்குட்டையை விலக்கினார். ஹால் முழுக்க வெளிச்சம். திரை வெள்ளையாக இருந்தது. படம் முடிந்துவிட்டது!

பஞ்சை எடுத்தெறிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கால் தரையில் பாவவில்லை. மேனேஜரைக் காணோம். ரசிகர்கள் செல்போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"தலைவரே, உள்ள ஒரே அலறல் கேட்டுச்சே!"

"என்னோட அலறல்தான்," என்றார் கம்பீரமாக. "பயமறியான் இன்னிக்குப் பயந்துட்டான். எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த மாதிரிப் பேய்ப் படம் இதுவரைக்கும் வந்ததில்ல, இனிமே வரப்போறதும் இல்ல. ஆஸ்பத்திரியில நடக்கிற கதை. அவசரமே படாம ஆரம்பிச்சு, கால்ல ஊர்ந்து, தண்ணியைத் தெளிச்சு, கடைசியில தோளைப் பிடிக்குது பாருங்க ஒரு கை! அந்தக் கை ஒண்ணுக்கே விருது குடுக்கலாம்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. கூட்டத்தின் பின்னால் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவர் பார்த்தார். அந்த நிமிஷம் அவருக்கு என்னவோ செய்தது. இத்தனை நாள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கொட்டிவிட்டால் என்ன?

"இன்னொரு விஷயம். இதுவரைக்கும் பேய்ப் படங்களைப் பத்தி நான் சொன்ன கருத்து ஒண்ணுகூட என்னோடது இல்ல. எல்லாம் அதோ நிக்கிறாங்களே, என் வீட்டுக்காரி, அவங்க பார்த்துச் சொன்னது. மெழுகுவர்த்தியும் அவங்கதான். இன்னிக்குச் சொன்னது ஒண்ணுதான் நானே பார்த்து, நானே அனுபவிச்சுச் சொன்ன கருத்து. இதை என்கிட்டேயிருந்து யாராலயும் பறிக்க முடியாது!"

ஒரு கணம் கூட்டம் திகைத்தது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவே நீங்களே பார்த்துட்டீங்களாங்க!" என்றாள். அவள் குரலில் அத்தனை பெருமையை அவர் கேட்டதே இல்லை.

அப்போது ஹால் கதவைத் திறந்துகொண்டு, ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் ஃபினாயில் வாளியுமாகத் தியேட்டரைச் சுத்தம் செய்கிற அம்மாள் வெளியே வந்தார்.

"ஏன் சார், மெஷின் கெட்டுப்போச்சு, இன்னிக்குப் படமே கிடையாதுன்னு சொல்லத்தானே உங்க தோளைப் பிடிச்சு உலுக்கினேன், அதுக்கா அப்படி அலறினீங்க?"