செவ்வாய்க்கிழமைப் புனிதர்கள் எட்டுப் பேர்

முள்ளியவளை,
12 ஆடி 1994.

என் கூடப்பிறந்து, என் தோளிலே ஏறிக் கடல் பார்த்து, இப்போது எனக்கே ஆசீர்வாதம் கொடுக்கும் உயரத்துக்குப் போய்விட்ட சங்கைக்குரிய றொனால்ட் சுவாமி அவர்களுக்கு, அண்ணன் மத்தேயு முழந்தாளிட்டு எழுதிக்கொள்வது. தேவமாதாவின் தயவால் இங்கு எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் முழங்கால் வாதத்தின் போக்கையும் அறிய ஆவல். நந்திக்கடலில் இறால் படுகிறது, சோற்றுக்குக் குறைவில்லை. இனி விஷயம். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஒரு பாவம் நடக்கிறது. அது பாவம்தானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பெறாமகள், என் மகள் நிறஞ்சனா யாழ்ப்பாணத்தில் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று நீங்கள் பிரசங்கத்தில்கூடச் சொன்னதாகக் கேள்வி. அவள் போன சோதனையில் உடற்கூற்றுப் பாடத்தைக் கோட்டை விட்டதை நான் உங்களுக்கு எழுதவில்லை, வெட்கம். மனித உடம்பைப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்லுகிற பாடம் அது. இந்த முறையும் விட்டால் படிப்பு அதோடு சரியாம். மறுசோதனைக்குப் படிக்க வீட்டுக்கு வந்தவள் முதலில் கிணற்றடியில் நின்று சத்தம் போட்டுப் பாடமாக்கினாள். வாளி மேலே வருவதற்குள் பாதி மறந்துபோகும். பிறகு ஒவ்வொன்றையும் பத்துத் தரம் எழுதினாள். கொப்பி முடிந்தது, கடையிலும் கொப்பி இல்லை. வரைந்து பார்த்தால் மனதில் நிற்கும் என்று எவரோ சொன்னார்களாம், கடதாசி இல்லாததால் என்னில் வரைந்தாள். விடிய வலை எடுத்துவிட்டு வந்து நான் பாயில் சரிவேன், அவள் சிவப்புப் பேனையோடு பக்கத்தில் வந்து குந்துவாள். கையை மடக்கச் சொல்வாள், மடக்குவேன். விடச் சொல்வாள், விடுவேன். தென்னோலைக்குள்ளால் வெயில் இறங்கி முகத்தில் ஆடும், பிள்ளையின் குரல் தூரத்து அலை மாதிரிக் கேட்டுக்கொண்டிருக்கும், எனக்குக் கண் சொருகும். அப்படித் தூங்கி எழும்பி அதே கோலத்தில் மேற்சட்டை இல்லாமல் சந்தைக்கு இறால் கொண்டுபோய்விட்டேன் சுவாமி. முதுகெல்லாம் சிவப்புக் கோடு. ஒரு சனம் கிட்ட வரவில்லை.

அதற்குப் பிறகு, இன்னொருவருக்குப் படிப்பித்தால்தான் தனக்குப் பதியும் என்று எனக்குப் படிப்பிக்கத் தொடங்கினாள். முழங்கை இடித்தால் சின்னவிரல் வரை விறைக்கிறதே, அது எந்த நரம்பு என்று என்னைக் கேளுங்கள். வள்ளத்தில் தனியே இருக்கும்போது தண்ணீர் அசையாமல் வெள்ளித் தகடு போலக் கிடக்கும், வாய் தன்பாட்டில் தசைகளின் பெயரைச் சொல்லும். எனக்கு எல்லாம் நின்றது. அவளுக்குத்தான் நிற்கவில்லை. கடைசியில் கைமணிக்கட்டில் வந்து முட்டுப்பட்டாள். அதில் எட்டு எலும்பு. போன சோதனையிலும் அவளை விழுத்தியது அந்த எட்டும்தான்.

அந்த எட்டும் அவளிடம் இருந்தன. மூத்த மாணவி ஒருத்தி இரவல் கொடுத்தவை, உண்மையான மனித எலும்பு, வலை பின்னும் தங்கூசி நூலில் கோத்து, லேஞ்சித் துணியில் சுற்றி, உடுப்புப் பெட்டிக்குள் இருந்தன. உங்கள் மச்சாள், என் மனைவி புனிதமலர் உடுப்புத் தோய்க்க எடுத்தவ அதைக் கண்டா. கோத்த மணி, பழைய மஞ்சள் நிறம், வழுவழுப்பு. ஏதோ புனிதரின் உடலில் எஞ்சிய திருப்பண்டத்தில் செய்த செபமாலை, பிள்ளை சோதனைக்காக யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகளிடம் வாங்கி வந்து அடக்கமாக ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, முத்தமிட்டு, அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டா. நாங்கள் வந்து பார்க்கும்போது பக்கத்து வளவு அன்னபாக்கியம் அக்கா ஏற்கெனவே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருக்கிறா. பிள்ளை என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் உங்கள் மச்சாள் விழுந்துவிடுவா. நாங்கள் குடியிருக்கும் வளவின் சொந்தக்காரர் நடராசா அண்ணையோ பிள்ளையார் பக்தர், செத்தவனின் கை தன் வளவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் எங்களை எழுப்பிவிடுவார். ஆகவே பேசாமல் இருந்தோம்.

படிக்க வேண்டிய சாமான் பீடத்தில் ஏறிவிட்டதால், எங்கள் வீட்டில் நடக்கும் அந்தோனியார் செவ்வாய்க்கிழமைச் செபத்தில் முன்னுக்கு முழந்தாளிட்டு அதையே உற்றுப் பார்ப்பதுதான் பிள்ளைக்கு ஒரே வழி. அவளுடைய பக்தியைக் கண்டு சனம் கூடியது. ஒருநாள் மச்சாளுக்குத் தொண்டை கட்டி, புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும் பிரார்த்தனையை நிறஞ்சனா சொல்லட்டும் என்றுவிட்டா. நாலு மணிக்கு எழும்பிப் படித்த களை, சாம்பிராணிப் புகை, மைம்மல் பொழுது. பிள்ளை பாதிக் கனவிலே தொடங்கினாள்: “ஸ்கபொயிட்.” சனம், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. “லூனேற்.” எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ட்ரைக்குவீற்றல், பிசிபோம், ட்ரப்பீசியம், ட்ரப்பசொயிட், கப்பிற்றேற், ஹமேற். மணிக்கட்டின் எட்டு எலும்பும், ஒன்று பிசகவில்லை. முடிவில் அன்னபாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் கோயிலில் கேட்ட லத்தீனை இத்தனை வருசத்துக்குப் பிறகு கேட்டேன் என்றா. அடுத்த கிழமை அதே புனிதர்களைத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பிடிவாதம். இப்போது பிள்ளை கால் எலும்பும் கை நாடிகளும் சேர்த்துவிட்டாள். மனதில் கல்லில் வெட்டினது போல் நிற்கிறதாம். கொப்பியும் பேனையும் செய்யாததை அறுபது சனத்தின் பதில் செய்கிறது.

தம்பி, இனி என்னால் சுவாமி என்று எழுத ஏலாது, பயமாக இருக்கிறது. பொய்ச் செபத்தில் படித்துப் பாஸ் பண்ணினால் அது நிலைக்குமா? என் பிள்ளையின் படிப்பில் சாபம் விழுந்துவிடுமோ? ஆகவே நீ மச்சாளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் போடு. மேற்றிராசனத்து ஆயரின் உத்தரவு, புதுத் திருப்பண்டங்களை வீட்டில் வைத்து வணங்கக் கூடாது என்று எழுது. காரணம் கேட்டால் சொல்லாதே. என் பெயரை எடுக்கவே எடுக்காதே.

உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போடு. மூத்தவன் என்ற முறையில் உன்னை ஆசீர்வதித்து, பாவி என்ற முறையில் உன் ஆசீர்வாதத்தை வேண்டி நிற்கும்,

அண்ணன்,
ம. மத்தேயு.

பி.கு: நீ இருக்கும் மன்னார்ப் பக்கம் போகும் ஆள் கிடைக்காமல் இந்தக் கடிதம் இரண்டு மாதம் அலுமாரிக்குள் கிடந்துவிட்டது. பிள்ளை பாஸ். வாய்மொழிச் சோதனையில் மணிக்கட்டைத்தான் கையில் கொடுத்தார்களாம். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் எங்கள் சனத்தின் பதில் காதில் கேட்கும் வரை அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லையாம், நிதானமான பிள்ளை என்று பரீட்சகர் மெச்சினாராம். அந்தச் சந்தோசத்தில் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மச்சாள் விழவில்லை. அந்த எலும்புகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னா: “ஆரெண்டு தெரியாத மனிசனிட்டை இவ்வளவு நாளும் எங்களுக்கு, எங்களுக்கெண்டு கேட்டிருக்கிறம். அந்தாளுக்கெண்டு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே.” தானே வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னா. நேற்றுச் செவ்வாய். அறுபது பேரும் வந்தார்கள். நடராசா அண்ணை செவ்வரத்தம்பூப் பறித்துக்கொண்டு வந்து பின்னுக்கு நின்றார். காணாமல் போன மகனின் பெயரை வாயால் எடுக்காத அன்னபாக்கியம் அக்காதான் முதல் ஆளாக செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தைச் சொல்லத் தொடங்கினா. நாளைக்கு எலும்பு யாழ்ப்பாணம் திரும்புகிறது. மேலே எழுதினது ஒன்றையும் செய்யாதே தம்பி. வருகிற ஞாயிறு பூசையில் அந்த மனிசனுக்காக ஒரு வார்த்தை சொல்லு. பெயர் தெரியாது. வலது கை.