மிதிக்காமல் இளகிய சீட்

"ஒரு மிதிகூட மிதிக்காம, நின்ன இடத்துலயே இந்தத் தோல் சீட்டை வெண்ணெய் மாதிரி இளக்கிக் காட்டுறேன், பாக்கிறீங்களா?" என்றார் தியாகேசன்.

ஆலங்கொல்லை நெல் கொள்முதல் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு, ஐப்பசி வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிப்போன மனிதர்கள். அவர்கள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

சிரிக்காத ஒரே ஆள், மேஜையில் பட்டியல் எழுதும் பரிதி. "தோலாவது, இளகறதாவது! கருங்கல்லுங்க அது. நான் நம்ப மாட்டேன்."

கருங்கல் என்றது கொஞ்சம் குறைவுதான். ஜெர்மனியிலிருந்து மகள் குந்தவை அனுப்பிய சைக்கிள் சீட் அது. "முதுகுக்கு நல்லதுப்பா. ஆனா ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாத்தான் உங்க உடம்புக்குப் பழகும்" என்று போனில் சொல்லியிருந்தாள். நெல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் அதை மாட்டிய சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்த தியாகேசன், இறங்கிய பிறகும் சைக்கிளில் இருப்பவர் போலவே நடந்தார்.

இளகட்டும் என்று விளக்கெண்ணெய் தடவினார். ஊறியது சீட் அல்ல, வேட்டி. பின்பக்கம் தோல்சாயம் இறங்கித் தேசப்படம்போல் காவிக்கறை.

"என்னண்ணே, வயித்தாலயா?" என்று லோடுமேன் வேம்பு உருக்கமாக விசாரித்தான். விசாரித்ததோடு விட்டானா? சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு மாதுளம்பழத் தோலோடு வந்துவிட்டார்கள்.

இனி உட்கார முடியாது என்றான பிறகுதான் தியாகேசன் அந்தச் சவாலை விட்டார். தன்னால் உட்கார முடியாவிட்டால் என்ன, ஊர் உட்காரட்டுமே! சைக்கிளைக் கொட்டகைக்குள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். உட்கார்ந்தவர்கள் ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூடத் தாங்கவில்லை. ஒரு காகம் உட்கார்ந்து பார்த்து, 'கா' என்பதற்குப் பதில் 'ஐயோ' என்று கத்திக்கொண்டு பறந்தது. நம்பாதவர்கள் ஆலங்கொல்லைக் காகங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

பாரம் போதவில்லை. பரிதியோ மூன்று மூட்டை இருப்பார். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி ஒரு கால் உடைந்து செங்கல்லில் நின்றுகொண்டிருந்தது.

"சார், உங்க பாரத்துக்குத்தான் இது மசியும். உட்கார்ந்து எழுதுங்க."

"இளகலைன்னா?"

"வெண்ணாத்துல தூக்கிப் போட்டுடறேன்."

பரிதி முனகிக்கொண்டே ஏறினார்.

அதற்குப் பிறகு வந்த நாள்கள் எல்லாம் ஒரே நாள்போல இருந்தன. வானம் அடுப்படிச் சுவர்போல் கறுத்துக் கிடந்தது. தியாகேசன் நெல்லைக் காலால் துழாவுவார். தூறல் விழும். தார்ப்பாயை மூடுவார், திறப்பார். குவியலில் முளை கண்டுவிட்டால் வருஷ உழைப்பு கோழிக்குத்தான். தினமும் பொழுது சாய்கையில் இரண்டு கேள்வி கேட்பார்.

"சார், நெல்லு?"

பரிதி ஈரப்பத மீட்டரை நெஞ்சோடு அணைத்துப் பார்த்துவிட்டு, "பத்தொன்பதுங்க. பதினேழுக்குக் கீழ வரணும். இன்னும் ஈரம்" என்பார்.

"சீட்டு?"

"இன்னும் கல்லு."

பின்னால் வந்தவர்களின் நெல்லெல்லாம் லாரி ஏறிப் போயிற்று. தியாகேசன் குவியல் மட்டும் தனியாகக் கிடந்தது.

"உங்களுக்கு நேரம் சரியில்லண்ணே" என்றான் வேம்பு. "சாரை நல்லா வச்சுக்குங்க."

தியாகேசன் வைத்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். கொட்டகை ஒழுகியபோது, "சீட்டு நனையுதுங்க" என்று பரிதி பதறினார். தியாகேசன் ஓடிப்போய்க் குடை பிடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சோற்றுக் கேரியரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள் மங்களாம்பிகை. சைக்கிளின் மேல் பரிதி, உற்சவர்போல. பின்னால் குடையோடு தன் புருஷன். வெளியே, தார்ப்பாய் விலகி நனையும் நெல்.

"சாமி புறப்பாடு எந்த வீதி வரைக்கும்?" என்றாள்.

"மங்களம், சீட்டு இளகுறதுக்காக…"

"அங்க நெல்லு முளைக்கப் போவுது, இங்க சீட்டு இளக்கறீங்களா? சார், இறங்குங்க."

"எழுதிட்டிருக்கேம்மா…"

"இறங்குங்கங்கிறேன்!"

அந்தக் குரலுக்கு மேட்டூர் அணையே தண்ணீரை விட்டிருக்கும். பரிதி இறங்கினார். மங்களாம்பிகை கேரியரைப் புருஷன் கையில் திணித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். வாய்க்கால் கரையோடு போய் மறைந்தாள்.

போச்சு என்று நினைத்தார் தியாகேசன். எழுதுகிறவரையே இறக்கிவிட்டாயிற்று. இனி நெல்லைப் பார்க்கக்கூட மாட்டார்கள். கேரியரைத் திறக்கவும் மனமில்லாமல் அதன்மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பரிதி செங்கல் வைத்த நாற்காலியைப் பார்த்தார். இடுப்பைத் தடவினார். பெருமூச்சு விட்டார். மீட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் குவியலுக்குப் போனார்.

"வேம்பு! தராசைக் கொண்டா. இவங்க நெல்லைப் பிடி."

தூறல் ஓய்ந்திருந்தது. மேலாக நனைந்ததை ஒதுக்கிவிட்டு மற்றதை அள்ள, சாக்குகள் மளமளவென்று நிரம்பின. கடைசி மூட்டை லாரி ஏறியதும் வானம் பிளந்துகொண்டு மழை கொட்டியது. தியாகேசனுக்கு நம்பவே முடியவில்லை.

"சார், காலையிலகூட பத்தொன்பதுன்னீங்க. வெயிலே அடிக்கலியே, எப்படி சார் காஞ்சுது?"

பரிதி செங்கல் நாற்காலியில் மெல்ல, பாதி மட்டும் உட்கார்ந்தார்.

"சீட்டு இளகினது நிஜம்தாங்க, ஒத்துக்கறேன். உங்க நெல்லு காஞ்ச அன்னிக்கேதான் அதுவும் இளகிச்சு. நெல்லை எடுத்துட்டா சைக்கிளும் போயிடுமேன்னுதான் ரெண்டையும் சொல்லலை."